கோமரத்தாடியின் தலை

சுடுகாட்டுக்குப் போன ஆண்கள் கூட்டமாகத்தான் திரும்பி வருவார்கள். கண்மாயில் முங்கி எழுந்து, ஈர வேட்டியோடு வந்து, வாசலில் எரிகிற விளக்கைப் பார்த்துவிட்டு அவரவர் வீட்டுக்குக் கலைவார்கள். பேச்சித்தாய் வீட்டைக் கழுவி, விளக்கேற்றி வைத்துவிட்டு நிலைப்படியில் நின்றாள். செத்துப்போன மாடக்கண்ணு அவளுக்கு மாமனார். அதற்கு முன்னாலேயே தாய்மாமன், அவள் அம்மாவின் கூடப்பிறந்த அண்ணன். எழுபதைத் தாண்டிய மனிதர். ஐப்பசி மழையில் ஆட்டுக்கிடைக் காவலுக்குப் போனார், நெஞ்சில் சளி கட்டிப் படுத்தார், எழுந்திருக்கவில்லை. கல்யாணச் சாவு என்று ஊரே சொன்னது. கொட்டுக்காரர்களும் குறைவில்லாமல் அடித்தார்கள்.

அன்றைக்கு ஆண்கள் ஒவ்வொருவராக வந்தார்கள். யாரும் விளக்குப் பக்கம் திரும்பவில்லை. ஊர்த்தலைவர் பொன்னுச்சாமி தெருமுனை வரை வந்தவர், என்னவோ மறந்துபோனவர் மாதிரி பக்கத்துச் சந்தில் நுழைந்துவிட்டார். பிணத்தோடு போன இடத்தில் என்ன சண்டை வந்ததோ என்று பேச்சித்தாய் நினைத்தாள்.

கடைசியாக அவள் புருஷன் சங்கரபாண்டி வந்தான். தனியாக வந்தான். தலையை மொட்டையடித்திருந்தார்கள். பேச்சித்தாய் அந்தத் தலையைப் பார்த்தாள்.

நெற்றியில் மயிர் தொடங்குகிற இடத்திலிருந்து பிடரி வரைக்கும் கட்டிகள். சிலது பட்டாணி அளவு, சிலது எலுமிச்சங்காய். கொட்டிக் குவித்து மேலே தோலை இழுத்துப் போர்த்திய மாதிரி ஒன்றை ஒன்று நெருக்கிக்கொண்டு, வழுவழுவென்று, இளஞ்சிவப்பாக இருந்தன. கத்தி பட்ட இடங்களில் ரத்தம் கோடு போட்டிருந்தது. அவன் விளக்கைப் பார்த்துக் கும்பிட்டான். அவளைப் பார்க்கவில்லை. வீட்டுக்குள் வராமல் நேரே ஆட்டுத் தொழுவத்துக்குள் போய்விட்டான்.

பதினேழு வருஷம் கூட வாழ்ந்தவள் புருஷன் தலையைப் பார்த்ததில்லை என்றால் யாராவது நம்புவார்களா? நம்பத்தான் வேண்டும். அந்த வீட்டுச் சங்கதி அப்படி. மாடக்கண்ணு அவர்கள் குலசாமிக்குக் கோமரத்தாடி, அதாவது சாமி இறங்கி ஆடுகிறவர். கோமரத்தாடி தலையில் சாமி இருக்கிறது, கத்தி படக்கூடாது, மனுஷக் கை படக்கூடாது, பெண்டாட்டி கைகூடப் படக்கூடாது என்று ஒரு கட்டு. செத்த பிறகும் அவரைத் தலைப்பாகையோடுதான் குளிப்பாட்டி எடுத்துப்போனார்கள். அவருக்குப் பிறகு மகன்தான் ஆடவேண்டும் என்பதால் சங்கரபாண்டிக்கும் வாலிப வயசிலேயே அதே கட்டைப் போட்டுவிட்டார்கள். குடுமியும் அதற்கு மேல் தலைப்பாகையுமாகவே அவன் வளர்ந்தான், கல்யாணம் கட்டினான், அய்யாவோடு சேர்ந்து நாலு கோவில் கொடைக்கும் ஆடினான். எண்ணெய் தேய்த்துக் குளிப்பதானாலும் கண்மாயின் மறுகரைக்குப் போய்விடுவான். பேச்சித்தாயும் சாமிக் குத்தம் வந்துவிடும் என்று தொட்டதில்லை.

சற்று நேரத்தில் அவளுடைய அண்ணன் துரைப்பாண்டி வந்தான். அவன் அதே ஊரில் கீழத்தெருவில் இருக்கிறான். தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு வாசலுக்கு வெளியே, கூரைத் தண்ணீர் சொட்டுகிற இடத்துக்கும் அந்தப் பக்கம் நின்றுகொண்டான்.

"ஏட்டி பேச்சி, பிள்ளையக் கூட்டிக்கிட்டு வெளிய வா."

"என்னண்ணே பேசுத? மாமா சாம்பல் இன்னும் ஆறல."

"ஆறுனா என்ன, ஆறாட்டா என்ன. நீயும் பாத்தேல்லா? பெருநோவு, குட்டம். தலை பூராவும் பெருநோவு. அதத்தான் சாமி சாமின்னு மூடி வச்சிருக்கான்."

"நீ கண்டியா பெருநோவுன்னு?"

"நான் காணாம யாரு கண்டா? செரைக்க வச்சதே நாந்தான. மாட்டேன்னான். இனி கோமரம் எனக்குத்தான் எறங்கணும், தலையில கத்தி படக்கூடாதுன்னு சொல்லுதான். பெத்த அய்யனுக்குக் கொள்ளி வைக்கவன் மொட்ட போடாம வைக்கது எந்த ஊர்லவே இருக்குன்னு கேட்டேன். ரெண்டு பேரு கையப் புடிச்சாங்க. நான் தலைப்பாவ உருவுனேன். செரைக்க வந்த குடிமகன் தண்ணியத் தொட்டுக் குடுமிக்குள்ள கைய விட்டாரு. விட்ட கைய அப்படியே எடுத்துட்டாரு. பெறகு நாந்தான் சத்தம் போட்டு, கண்ண மூடிக்கிட்டாவது செரைங்கன்னேன்."

"கொள்ளி வச்சாவளா?"

"வச்சான். அங்கன நின்னவன் பூரா பத்தடி தள்ளி நின்னான். ஒரு கிறுக்கன் மட்டும், நம்ம சங்கரன்கோவில் புத்துதான் கோமரத்தாடி தலையில வளருதுன்னு விழுந்து கும்புடுதான். ஏட்டி, புத்தாவது மண்ணாவது. வா வெளிய."

பேச்சித்தாய் அசையவில்லை. அவள் மகள் கோமதி பதினாலு வயசுக்காரி, அடுப்படி வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். மாமியார் முத்துமாரியம்மாள் தாலியறுத்த கழுத்தோடு மூலையில் சுருண்டு கிடந்தாள். அவள் தலையைத் தூக்கவேயில்லை. புருஷன் போன துக்கம் என்றுதான் பேச்சித்தாய் அப்போது நினைத்தாள்.

"நான் வரல, நீ போ" என்றாள்.

"ஊர்க்கூட்டம் போடச் சொல்லிட்டேன். அவன நோவாளிக் காலனிக்கு அனுப்பிட்டுத்தான் மறுவேலை. என் கூடப்பொறந்தவ இவனோட சேந்து அழுகி விழுகத நான் பாத்துக்கிட்டு இருக்க முடியாது" என்று சொல்லிவிட்டு அவன் போனான். பாசத்தில்தான் சொன்னான். பாசம் வந்தால் அவனுக்குக் கண்மண் தெரியாது.

ஊர் வாயை மூட உலைமூடி கிடையாது. அடுத்த நாளே பஸ் நிற்கிற சத்திரம் வரைக்கும் பேச்சுப் போய்விட்டது. ஆட்டு எரு அந்த வருஷம், மாட்டு எரு மறு வருஷம் என்பார்கள். விதைப்புக்கு முந்திய அந்த நாட்களில் கரிசல்காட்டுச் சம்சாரிகள் எருவுக்கு என் நிலத்தில் ஆட்டைக் கிடை போடு, என் நிலத்தில் கிடை போடு என்று மாடக்கண்ணு வீட்டு வாசலில் வந்து நிற்பது வழக்கம். இப்போது சொல்லி வைத்திருந்தவர்கள் ஒருத்தர் பாக்கியில்லாமல் ஆள்விட்டு வேண்டாம் என்றார்கள். பெருநோய்க்காரன் ஆடு படுத்த நிலத்தில் விளைந்த கம்பை யார் தின்பது? பொன்னுச்சாமி தன் மகனுக்குக் கோமதியைக் கேட்பதாக இருந்தார். அவர் சம்சாரம் கண்மாய்க்கரையில் பேச்சித்தாயைக் கண்டதும் குடத்தை நிறைக்காமலே இடுப்பில் வைத்துக்கொண்டு நடந்தாள்.

சங்கரபாண்டி ஆடுகளை ஓட்டிக்கொண்டு ஊருக்கு மேற்கே தரிசில் போய் உட்கார்ந்துவிட்டான். பேச்சித்தாய் கம்பங்கூழும் சுட்ட மிளகாயும் எடுத்துக்கொண்டு போனாள். மழை விட்டும் விடாமலும் தூறியது. கரிசல் மண் காலில் அப்பி, பத்தடிக்கு ஒருதரம் நின்று குச்சியால் வழிக்க வேண்டியிருந்தது. அவன் குட்டிகளை அடைக்கிற கொடாப்பு ஒன்றின் பக்கத்தில் சாக்கைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அவளைக் கண்டதும் சாக்கைத் தலைக்கு மேல் இழுத்தான்.

"சாக்க எடுங்க மச்சான். ஊரு பூராப் பாத்துட்டு. நான் மட்டும் பாக்கக்கூடாதா?"

"கஞ்சிய அங்கனயே வச்சிட்டுப் போ."

"வைக்க மாட்டேன். எப்பத்துல இருந்து இருக்கு? அதச் சொல்லும்."

அவன் ஒரு குட்டியை இழுத்து மடியில் வைத்துக்கொண்டான்.

"மீசை மொளச்ச வயசுல ஒண்ணு வந்துச்சு. பேன் கடிச்ச தடிப்புன்னு நெனச்சேன். பெறகு பக்கத்துல ஒண்ணு. அய்யாட்ட காட்டுனேன். தொட்டுப் பாத்தாரு. பாத்துட்டு அழுதாரு. அவரு அழுது நான் பாத்தது அந்த ஒரு தடவதான்."

"மாமா எதுக்கு அழணும்?"

"தலைப்பாவ அவுத்து அவரு தலையக் காட்டுனாரு பேச்சி. என்னையவிட மோசம். காதுக்கு மேல ஒண்ணு தேங்காய்ச் செரட்ட மாதிரி தொங்குது."

பேச்சித்தாய் ஈர மண்ணில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். சிறு வயசில் அவளைத் தோளில் தூக்கிக்கொண்டு ஆடித்தவசுத் திருவிழாவுக்குப் போன மாமன். திருநீறு பூசிவிட ஊரே வரிசையில் நின்ற மாமன்.

"அப்பம் கோமரம், சாமி, அந்தக் கட்டு எல்லாம்?"

"சாமி வந்து ஆடுனது நெசம். தலையத் தொடக்கூடாதுங்கது அய்யா போட்ட கட்டு. அவரு அய்யா செத்தப்ப பெரியய்யாதான் கொள்ளி வச்சாரு, அதனால இவரு தப்பிச்சிட்டாரு. எனக்கு அண்ணன் தம்பி இல்லியே."

"நோவுதா?"

"அமுக்குனா நோவும். பனி விழுந்தா நோவும்."

அவள் எழுந்து போய் அவன் தலையில் கையை வைத்தாள். பதினேழு வருஷத்துக்குப் பிறகு முதல் தடவையாக வைத்தாள். பயந்துகொண்டேதான் வைத்தாள். அவன் தலையை எடுத்துக்கொள்ளவில்லை.

வீட்டுக்கு வந்ததும் மாமியாரைப் பிடித்துக்கொண்டாள்.

"ஏன் அத்தை, எல்லாந் தெரிஞ்சுதான எனக்குத் தாலி கட்ட வச்சிய? ஒரு வார்த்தை சொல்லணும்னு தோணலியா? எப்படி மனசு வந்துச்சு ஒங்களுக்கு?"

முத்துமாரியம்மாள் சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "எனக்கு மட்டும் யாரு சொன்னா? கல்யாணம் முடிஞ்சு ஒரு வருசம் கழிச்சுத்தான் நான் பாத்தேன். பாத்த அன்னைக்குப் பொழுதுக்கும் வாந்தி எடுத்தேன். சொன்னா யாரு பொண்ணு குடுப்பான்னு எங்க மாமியா கேட்டா. நான் என்ன பதில் சொல்ல? அதையேதான் நான் இப்பம் ஒனக்குச் சொல்லுதேன்."

"இப்பமாவது ஊர்ல சொன்னா என்ன?"

"ரெண்டு தலைமொறையாப் பெருநோவுன்னு பேசுவாங்க. செத்தவரையும் விடாம இழுத்துவச்சுத் திட்டுவாங்க. பேசாம இரு."

பேச்சித்தாய் பேசாமல் இருக்கிற ஜாதி இல்லை. சங்கரன்கோவிலில் திங்கட்கிழமைதோறும் பெருநோய்க்கென்றே சர்க்கார் டாக்டர் ஒருத்தர் உட்காருகிறார், புதுசாக வந்திருக்கிற மாத்திரை கொடுக்கிறார் என்று சத்திரத்துக் கடையில் கேள்விப்பட்டிருந்தாள். நேரே பொன்னுச்சாமி வீட்டுக்குப் போய், டாக்டர் பெருநோய் என்று சொன்னால் நானே புருஷனைக் காலனியில் கொண்டுபோய் விடுகிறேன், அதுவரைக்கும் யாரும் ஒரு வார்த்தை பேசக்கூடாது என்றாள். பொன்னுச்சாமி, சாட்சிக்குத் துரைப்பாண்டியும் போகட்டும் என்றார். துரைப்பாண்டிக்கும் அது சம்மதம். டாக்டர் வாயாலேயே வரட்டும் என்றான்.

மாமியாரையும் கூட்டிக்கொண்டு நாலு பேருமாகப் போனார்கள். பஸ்ஸில் ஏற்றமாட்டார்கள் என்று கூண்டு வண்டி கட்டிக்கொண்டு விடியக் கிளம்பி, வெயில் ஏறுகிற நேரத்துக்குச் சங்கரன்கோவில் போய்ச் சேர்ந்தார்கள். கோபுரம் கண்ணில் பட்டதும் முத்துமாரியம்மாள் வண்டிக்குள்ளிருந்தே கும்பிட்டு, ஒம் புத்துமண்ணத்தான தாயே பூசுனேன் என்று முனகினாள். எத்தனை வருஷமாக அந்தக் கோவில் புற்றுமண்ணைக் குழைத்து யாருக்கும் தெரியாமல் புருஷன் தலையிலும் மகன் தலையிலும் பூசியிருப்பாள் என்று பேச்சித்தாய்க்கு அப்போதுதான் விளங்கியது.

ஊருக்கு வெளியே ஓலைக்கொட்டகை. வெளியே விரல் மழுங்கியவர்கள், மூக்குத் தட்டையானவர்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். துரைப்பாண்டி மேல்துண்டால் மூக்கை மூடிக்கொண்டான். டாக்டர் அந்த ஊர்க் கோவில் தெருக்காரர், நடுவயசு, வெற்றிலை போட்ட வாய். சங்கரபாண்டியின் தலைத்துணியை அவரே அவிழ்த்தார். வாசல் வெளிச்சத்துக்குத் திருப்பிப் பார்த்தார். பிறகு செய்ததுதான் நாலு பேரையும் திடுக்கிட வைத்தது. வெறுங்கையால் அந்தக் கட்டிகளை ஒவ்வொன்றாக அமுக்கிப் பார்த்தார், ஆட்டு மடியைத் தடவிப் பார்க்கிற மாதிரி.

"கண்ணை மூடிக்கோ. நான் எங்க தொடுதேனோ அங்க விரல வச்சுக் காட்டு" என்றார்.

பஞ்சைத் திரித்து முகத்தில், கையில், காலில், கட்டியின் மேல் என்று தொட்டார். சங்கரபாண்டி ஒவ்வொரு இடத்திலும் சரியாக விரலை வைத்தான். குண்டூசியால் குத்தினார், ஆவென்றான். முழங்கை மடிப்பில் நரம்பை உருட்டிப் பார்த்தார். உடம்பு பூராவும் தேமல் இருக்கிறதா என்று பார்த்தார். கடைசியில் காதுமடலில் சின்னதாகக் கீறி, கசிந்ததைக் கண்ணாடித் துண்டில் தடவிக்கொண்டு, வெளியே இருங்க, பார்த்துச் சொல்லுதேன் என்றார்.

வேப்பமரத்தடியில் காத்திருந்தார்கள். பேச்சித்தாய் கட்டிக்கொண்டு வந்த சோளச்சோற்றை யாரும் தொடவில்லை. உச்சி சாயும்போது கூப்பிட்டார்.

"பெருநோய் இல்ல" என்றார் டாக்டர். "ஒரு கிருமிகூட இல்ல. உணர்ச்சி எல்லா இடத்துலயும் சரியா இருக்கு."

பேச்சித்தாய் கும்பிட்டாள். அழுகை வந்துவிட்டது. துரைப்பாண்டி, "அப்பம் இது என்னது சார்?" என்றான், நம்பாத குரலில்.

"அதத்தான் யோசிக்கேன். இந்த மாதிரி ஒண்ண மெட்ராஸ்ல படிக்கும்போது படத்துல பாத்திருக்கேன். நேர்ல பாக்கது இதான் முதல் தடவை. நம்ம ஜில்லாவுல வேற யாருக்கும் இருக்கா எனக்குத் தெரியாது. அவ்வளவு அபூர்வம். மயிர்க்கால், வேர்வை ஊறுத இடம், அங்க இருந்து மொளைக்கிற கட்டி. தொட்டா ஒட்டாது. பைய வளரும், ஆளைக் கொல்லாது. ஆனா ஒண்ணு கேக்கணும். இதுதான்னு சொல்லணும்னா அது தெரியணும். வீட்டுல வேற யாருக்காவது இருந்துச்சா?"

பேச்சித்தாய் மாமியாரைப் பார்த்தாள். "சொல்லுங்க அத்தை. நீங்க சொல்லாட்டா நான் சொல்லுவேன்."

"அவியளுக்கு இருந்துச்சு" என்றாள் முத்துமாரியம்மாள். "இவன் அய்யாவுக்கு."

"அவரு கூடப்பொறந்தவங்களுக்கு?"

கிழவி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். டாக்டர் மறுபடியும் கேட்டார்.

"தங்கச்சிக்கு இருந்துச்சு. கொண்டைக்குள்ள வச்சு மறச்சிருந்தா."

"எந்தத் தங்கச்சி?" என்றான் துரைப்பாண்டி. மாடக்கண்ணுவுக்கு ஒரே தங்கச்சிதான் என்பது அவனுக்குத் தெரியாததா? வாய் தானாகக் கேட்டுவிட்டது.

"ஒங்க அம்மை மூக்கம்மாதாம்லே. அவ செத்தன்னைக்கு அவளக் குளுப்பாட்டுனது நாந்தான். வேற ஒருத்தியையும் தலமாட்டுக்கு விடல."

பேச்சித்தாய் அண்ணனைத் திரும்பிப் பார்த்தாள். அம்மா பெரிய கொண்டைக்காரி என்று ஊரில் இன்றைக்கும் சொல்லுவார்கள். அவளுக்கு அம்மாவைப் பற்றி அந்தக் கொண்டை ஒன்றுதான் நினைவில் இருந்தது.

டாக்டர் துரைப்பாண்டியைப் பார்த்து, "நீ அந்த அம்மா மகனா? துண்ட எடு" என்றார்.

"எனக்கு ஒண்ணும் கிடையாது சார்."

"எடு. பாக்கதுல என்ன?"

எடுத்தான். டாக்டர் விரலை மயிருக்குள் விட்டுத் தடவிக்கொண்டே வந்தார். இடது காதுக்குப் பின்னால் விரல் நின்றது. மயிரை விலக்கினார். புளியங்கொட்டை அளவில் ஒன்று, இளஞ்சிவப்பாக, வழுவழுவென்று இருந்தது. அதற்குக் கீழே கடுகு மாதிரி இன்னும் ரெண்டு.

"அது சின்னப்பிள்ளையில கிடா முட்டுனது" என்றான் துரைப்பாண்டி.

"கிடா இல்லப்பா. இதேதான்."

துரைப்பாண்டியின் முகத்தை அதற்குமேல் பேச்சித்தாயால் பார்க்க முடியவில்லை. இவனா வாசலுக்கு வெளியே நின்று அழுகி விழுகிறது என்று பேசியவன்? டாக்டர் அவள் தலையையும் பார்த்தார். ஒன்றும் இல்லை என்றார். அவளுக்குச் சந்தோஷம் வரவில்லை.

"பிள்ளையளுக்கு வருமா சார்?" என்று கேட்டாள்.

"இருக்கவங்க பிள்ளைகள்ல பாதிக்குப் பாதி வரலாம். வராமலும் போகலாம். வயசுக்கு வந்த பெறகுதான் தெரியும். ஆம்பளை பொம்பளை பேதம் இல்ல. கடுகா இருக்கும்போதே வந்தா வெட்டி எடுத்திரலாம், பயப்படாத" என்றார். சங்கரபாண்டியின் பிடரியிலிருந்து ஒரு சின்னக் கட்டியை மரக்க ஊசி போட்டு வெட்டி எடுத்து, மெட்ராஸுக்கு அனுப்பிச் சரிபார்ப்பதாகச் சொன்னார். எனக்குச் சந்தேகம் இல்லை, இருந்தாலும் அனுப்புதேன் என்றார்.

பெருநோய் இல்லை என்ற சந்தோஷம் வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவுகிற நேரம்கூட நிலைக்கவில்லை. பெருநோய் என்றால் அவனோடு போகும். இது அவனோடு போகாது என்று பேச்சித்தாய்க்குத் தெளிவாகத் தெரிந்தது. வண்டியில் ஏறி உட்கார்ந்தவள் கோமதியின் தலையை நினைத்துக்கொண்டாள், அவ்வளவு மயிர் அவளுக்கு.

பாதி வழியில், வண்டி ஓட்டிவந்த துரைப்பாண்டி அதை நிறுத்திவிட்டு இறங்கினான். பேச்சித்தாயையும் இறங்கச் சொன்னான்.

"ஏட்டி, எனக்கு மூணு பொட்டப்பிள்ளைய."

"தெரியும்."

"பெருநோவு இல்லன்னு சொல்லிருவோம். சூட்டுக்கட்டி, ஊசி போட்டா அமுங்கிரும்னு டாக்டரு சொன்னாருன்னு நானே கூட்டத்துல சொல்லுதேன். மச்சானுக்கும் நல்லது. கிடை திரும்ப வந்துரும். கோமதிக்கும் எடம் வந்துரும். ரத்தத்துல வருதுங்கத மட்டும் விட்டுரு."

"நேத்து வரைக்கும் நீ என்ன பேசுன அண்ணே?"

"பேசுனேன். செருப்பால அடி. பேசுனதுக்கு அடி. ஆனா இத வெளிய விட்டுராத தாயி."

தாயி என்று அவன் அவளைக் கூப்பிட்டதே கிடையாது. அவளுக்குக் கோபமும் வந்தது, அழுகையும் வந்தது. வண்டிக்குள்ளிருந்து சங்கரபாண்டி, "சொல்லிட்டுப் போறான், விடு பேச்சி. அவனும் பிள்ளை பெத்தவன்தான" என்றான். தலைப்பாகையை உருவியவன் மேல் ஒரு சுடுசொல் வரவில்லை அவனுக்கு. அப்படி ஒரு மனுஷன். அவள் வண்டியில் ஏறிக்கொண்டாள்.

மறுநாள் சாயந்தரம் கூட்டம். சாவடி முன்னால் ஆண்கள் உட்கார்ந்திருந்தார்கள். குடிமகனும் சாட்சிக்கு வந்து ஓரமாகக் கத்தி வைக்கிற அடைப்பத்தோடு நின்றார். பெண்கள் சுவரோரம் நின்றார்கள். சங்கரபாண்டியைத் தள்ளி நிற்க வைத்திருந்தார்கள். துரைப்பாண்டி துண்டை இறுக்கித் தலையில் கட்டியிருந்தான். எழுந்து நின்று, வழியில் சொன்னதை அப்படியே சொன்னான். சூட்டுக்கட்டி, ஒட்டாது, ஊசியில் அமுங்கிவிடும், டாக்டர் வெறுங்கையால் தொட்டதை நானே பார்த்தேன் என்றான். ஒட்டாது என்பதும் கடைசியில் சொன்னதும்தான் நிஜம். ஆனாலும் கூட்டம் மூச்சு விட்டது.

"நான் அப்பமே சொன்னேன்லா" என்றார் ஒருத்தர். சொன்னவர் யாரும் இல்லை.

"ஏ சங்கரபாண்டி, இங்கன வந்து ஒக்காரும் வே. நாளைக்கே நம்ம வடகாட்டுல கிடையப் போட்டுரும்" என்றார் இன்னொருத்தர். ரெண்டு பேர் நகர்ந்து அவனுக்கு இடம் விட்டார்கள். பொன்னுச்சாமி எழுந்தார். மடியிலிருந்து வெற்றிலை பாக்கை எடுத்தார்.

"நல்ல சேதி வந்த வாயோட இன்னொண்ணயும் பேசிருவோம். நடுவுல எங்க வீட்டுல கொஞ்சம் பயந்துட்டாவ. மனசுல வச்சிக்கிடாதிய. நம்ம கோமதிய எங்க பையனுக்குக் கேக்கேன். ஊரு முன்னால கேக்கேன்."

பேச்சித்தாய் சுவரோரத்திலிருந்து மாமியாரைப் பார்த்தாள். முத்துமாரியம்மாள் புருஷன் செத்ததற்குப் பிறகு முதல் தடவையாகச் சிரித்தாள். வாங்கிக்கோ என்று கண்ணால் காட்டினாள். பொன்னுச்சாமியின் சம்சாரமும் சிரித்தாள். பாவம், அவளுக்கு என்ன தெரியும்? ஒரு வருஷம் கழித்து ஒரு நாள் தெரியும். அன்றைக்கு வந்து, எப்படி மனசு வந்துச்சு ஒங்களுக்கு என்று கேட்பாள்.

"அண்ணாச்சி" என்றாள் பேச்சித்தாய். கூட்டத்தில் பெண் குரல் கேட்டு எல்லாரும் திரும்பினார்கள். "வெத்தலைய மாத்துததுக்கு முன்னால ஒரு வார்த்தை. பெருநோவு இல்ல, அது சத்தியம். ஒட்டாது, அதுவும் சத்தியம். ஆனா சூட்டுக்கட்டி இல்ல. ரத்தத்துல வாரது. எங்க மாமாவுக்கும் இருந்துச்சு. என் மகளுக்கு இப்பம் இல்ல. நாளைக்கு வந்தாலும் வரும். வரலன்னாலும் வராது. இது தெரிஞ்சு கேட்டியன்னா குடுக்கேன்."

வெற்றிலை நீட்டிய பொன்னுச்சாமி கை அப்படியே நின்றது. பெண்கள் பக்கத்தில் யாரோ விரலை மடக்கிக் கணக்குப் போட்டுவிட்டார்கள். மாடக்கண்ணுவுக்கு இருந்தால், அவர் தங்கச்சி மூக்கம்மாள் வகையறா? ஒருத்தி அதை வாய்விட்டே கேட்டாள்.

கூட்டம் பூராவும் துரைப்பாண்டியின் தலையைப் பார்த்தது. அவன் ரெண்டு கையாலும் துண்டைப் பிடித்துக்கொண்டான். பிடிக்காமல் இருந்திருந்தாலாவது பேசிச் சமாளித்திருக்கலாம்.

"அதான் பொய் சொல்லிருக்கான்" என்று ஒரு வாலிபன் எழுந்தான். "குடிமகனக் கூப்பிடுங்க. இங்கனயே செரச்சுப் பாத்துருவோம்."

"ஆமா, செரைங்கலே."

நாலைந்து பேர் எழுந்துவிட்டார்கள். துரைப்பாண்டி சாவடிச் சுவரோடு ஒட்டிக்கொண்டான். இப்படி ஆகும் என்று பேச்சித்தாய் நினைக்கவேயில்லை. என்ன செய்துவிட்டோம் என்று ஒரு கணம் நின்றாள். பிறகு ஆண்களுக்கு நடுவே நடந்துபோய், குடிமகன் முன்னால் தரையில் உட்கார்ந்து, கொண்டையை அவிழ்த்துவிட்டாள். மயிர் முதுகு பூராவும் விழுந்தது.

"எங்க ரெண்டு பேருக்கும் அம்மை ஒருத்திதான். மொதல்ல எனக்குச் செரைங்க" என்றாள். "பெறகு அண்ணனுக்கு. பெறகு எங்க வீட்டுல பொண்ணு எடுத்தவன், எங்க வீட்டுக்குப் பொண்ணு குடுத்தவன், அவங்க பாட்டன் பூட்டன் வகை, அத்தனை பேருக்கும் வரிசையாச் செரைங்க. ஒருத்தர விட்டுராதிய."

புருஷன் உயிரோடு இருக்கிற பெண் தலையை நீட்டுகிறாளே என்று குடிமகன் பதறி எழுந்து அடைப்பத்தை மார்போடு அணைத்துக்கொண்டார். எழுந்தவர்கள் அப்படியே நின்றார்கள். இருக்கிறது நாற்பது வீடு. நாற்பதும் ஒன்றுக்குள் ஒன்று கொண்டு கொடுத்த வீடு.

முன்வரிசையில் ஒருத்தர் கை பையப் பின்னந்தலைக்குப் போயிற்று. அவருக்குப் பக்கத்தில் இன்னொருத்தர் காதுக்குப் பின்னால் சொறிகிற மாதிரி தடவினார். செரச்சுப் பாத்துருவோம் என்று எழுந்த வாலிபன் குடுமியை இழுத்துக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தான். பொன்னுச்சாமியின் வலது கையில் வெற்றிலை பாக்கு இன்னும் இருந்தது. இடது கை அவர் தலையில் கட்டியிருந்த உருமாலுக்குள்ளே நுழைந்து எதையோ தேடிக்கொண்டிருந்தது.